மன்னார்குடி வெயிலுக்கு ஒரு சின்ன கேமிங் கம்ப்யூட்டர்: பாகங்கள் எடுத்த கதை

அக்கா மகனுக்காக 2024 கோடையில் சேர்த்துக் கட்டிய சின்ன கேமிங் கம்ப்யூட்டர், சித்திரை வெயில், ஐப்பசி அடைமழை, தை மாத அறுவடைத் தூசி எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. சூட்டினால் ஒரு தடவைகூட அணையவில்லை. அதனால் எந்தப் பாகத்தை ஏன் எடுத்தோம், எதை ஏன் விட்டோம் என்று இப்போது தைரியமாக எழுதலாம்.

யூடியூபில் காட்டும் அளவுகள் பெரும்பாலும் ஏசி அறையில் எடுத்தவை. அங்கே அறை 22 டிகிரி என்றால், மே மாதம் மாலை நான்கு மணிக்கு எங்கள் ஓட்டு வீட்டு அறை 36 டிகிரி. அங்கே 70 காட்டும் ப்ராசஸர் இங்கே 84 காட்டும். இந்தப் பதினான்கு டிகிரியை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்தோம்.

பெட்டி ஏன் சின்னதாக வேண்டும்? பையன் வேலை பார்ப்பது சென்னையில். நான்கு பேர் தங்கும் அறை, அவனுக்கு அதில் ஒரு சின்ன மேஜை. விசேஷத்துக்கும் நீண்ட விடுமுறைக்கும் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுவான். வரும்போது மெஷினும் கூட வர வேண்டும் என்பது அவன் கேட்ட ஒரே விஷயம். வீட்டில் இருந்த சின்ன டிராலி பெட்டியை அளந்தேன்: 55 செ.மீ. உயரம், 35 அகலம், 25 ஆழம். அதற்குள் கேபினெட் போய், சுற்றிலும் ஃபோம் வைக்கவும் இடம் வேண்டும். இந்த அளவை ஒரு தாளில் எழுதி வைத்த பிறகுதான் கேபினெட் தேடவே ஆரம்பித்தோம்.

சின்ன கேபினெட் என்றால் மதர்போர்டு (எல்லாப் பாகமும் மாட்டும் தாய்ப் பலகை) மினி ஐடிஎக்ஸ் அளவு. 17 செ.மீ.க்கு 17 செ.மீ. சதுரம், அவ்வளவுதான். ஆனால் அதைப் போடும் பெட்டிகளில் வித்தியாசம் நிறைய. ஒரு பக்கம் டான் ஏ4 மாதிரி 7.2 லிட்டர் பெட்டி. கையில் தூக்கிப் போகலாம், பார்க்கவும் அழகு. ஆனால் அதில் ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலர் 48 மி.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டின் முதுகுப் பக்கம் உட்காரும், இரண்டையும் ஒரு ரைசர் கேபிள் இணைக்கும். கார்டும் போர்டும் பேசும் பிசிஐஇ இணைப்பில் ஜென் 3, ஜென் 4 என்று தலைமுறைகள் உண்டு. அந்த கேபிள் பழைய ஜென் 3 வகையாக இருந்து கார்டு ஜென் 4 ஆக இருந்தால் திரை வராமலே நிற்கலாம். பயாஸில் (மெஷின் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) போய் வேகத்தை ஜென் 3 என்று இறக்கி வைக்க வேண்டும். சென்னையில் தனியாக இருக்கும் பையனுக்கு இந்த வேலை வேண்டாம். அதைவிட முக்கியம், 48 மி.மீ. கூலரை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் மே மாதத்தை ஓட்ட முடியாது.

கடைசியில் நின்றது கூலர் மாஸ்டர் என்ஆர்200. 18.25 லிட்டர். நீளம் 376, அகலம் 185, உயரம் 292 மி.மீ. டிராலிக்குள் போய், எல்லாப் பக்கமும் ஃபோமுக்கு இடம் மிஞ்சுகிறது. கூலர் 155 மி.மீ. வரை, கார்டு 330 மி.மீ. வரை. அடியிலும் மேலும் இரண்டிரண்டு 120 மி.மீ. ஃபேன் மாட்டலாம். பக்கத் தகடு முழுக்கத் துளை. கண்ணாடிப் பக்கம் உள்ள மாதிரியும் உண்டு, உள்ளே விளக்கு எரிவது தெரியும். பையனுக்கு அதில்தான் ஆசை. காற்று போகிற வழியைக் கண்ணாடி வைத்து அடைக்க வேண்டாம் என்று சொல்லித் துளைத் தகடே வாங்கினேன்.

பெட்டி முடிவானதும் கார்டு. இங்கேதான் எங்களுக்குள் பேச்சு நீண்டது. “மாமா, கேபினெட்டும் மத்ததும் எப்படி இருந்தாலும் சரி, கார்டை மட்டும் பெருசா போட்டுடலாம்” என்றான். “மாப்ள, பெருசு சின்னதுன்னு பேசாத. எத்தனை வாட்டுன்னு சொல்லு” என்றேன். அந்த விலைக்குக் கைக்கு எட்டியவை மூன்று. ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி நினைவகம், 170 வாட். ஆர்எக்ஸ் 7600, 8 ஜிபி, 165 வாட். ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி, 115 வாட். விளையாட்டில் முதலாவது கொஞ்சம் பின்தங்கும், மற்ற இரண்டும் அக்கம்பக்கம்தான் ஓடும். ஆனால் 50 வாட் வித்தியாசம் என்பது விளையாடுகிற நேரம் முழுக்க அறைக்குள் ஒரு குண்டு பல்பு கூடுதலாக எரிகிற சூடு. பெரிய கேபினெட்டில் அது தெரியாது. 18 லிட்டருக்குள் அந்தச் சூடு ப்ராசஸர் மேலும் ஏறும், ஃபேன் சத்தமாகவும் வரும். 4060 எடுத்தோம்.

8 ஜிபி குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அவன் மானிட்டரின் துல்லியம் 1080, அதற்குப் போதும். 1440 மானிட்டர் வைத்திருப்பவர் என்றால் இந்தக் கார்டை நான் சொல்லமாட்டேன். இன்னொரு சங்கதியும் உண்டு. 4060 மதர்போர்டோடு எட்டு லேனில்தான் (தகவல் போகும் பாதைகள்) பேசும். ஜென் 4 ஸ்லாட்டில் இது குறையே இல்லை. பழைய ஜென் 3 போர்டில் மாட்டினால் அந்த இணைப்பின் வேகம் பாதியாகி, நினைவகம் நிறைகிற நேரத்தில் விளையாட்டு திக்கும். பழைய மெஷினுக்கு இந்தக் கார்டைத் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு ஃபேன் வைத்த, இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ள குட்டைக் கார்டாகத் தேடினோம். 330 மி.மீ. இடம் இருக்க ஏன் குட்டை? தடிமன் குறைந்தால் கார்டுக்கு அடியில் 25 மி.மீ. ஃபேன் இரண்டு உட்கார இடம் கிடைக்கிறது. அந்த இரண்டு ஃபேனும் செய்கிற உபகாரத்தை மூன்றாவது ஃபேன் வைத்த நீளக் கார்டு செய்யாது என்று நினைத்தேன்; நீளக் கார்டை மாட்டிப் பார்க்கவில்லை. அடி ஃபேன் இரண்டும் எவ்வளவு உதவின என்று அளந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

ப்ராசஸர் ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட் என்று பெட்டியில் போட்டிருக்கும், முழுச் சுமையில் 88 வாட் வரை இழுக்கும். 7600எக்ஸ் 105 வாட் ரகம். விளையாட்டில் அது தரும் கூடுதல் வேகம் கொஞ்சம்தான், சூடு மட்டும் நிறைய. 7600க்குள் சின்னதாக ஒரு கிராபிக்ஸும் இருக்கிறது. கார்டு கெட்டுப்போனாலோ வாரண்டிக்கு அனுப்பினாலோ மெஷின் சும்மா கிடக்காது. 7500எஃப்-இல் அது கிடையாது. விலை குறைவு என்று அதைச் சொன்ன கடைக்காரரிடம் இதனால்தான் வேண்டாம் என்றோம்.

மதர்போர்டில்தான் மனசு வலிக்கும். அப்போது பெரிய ஏடிஎக்ஸ் போர்டு பதிமூன்றாயிரத்துக்குக் கிடைத்தது, அதே பி650 சிப்செட் மினி ஐடிஎக்ஸில் இருபதாயிரம். ஏ620 சிப்செட் வைத்த மினி ஐடிஎக்ஸ் போர்டு அதைவிட ஆறாயிரம் குறைவு. 88 வாட் ப்ராசஸருக்கு அதுவே தாங்கும். இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் வேண்டும் என்பதற்காக மட்டும் பி650 எடுத்தோம். இந்த அளவு போர்டில் ராமுக்கு இரண்டே ஸ்லாட். இப்போது ஒரு 8, அப்புறம் ஒரு 8 என்கிற கணக்கு ஒத்துவராது. முதலிலேயே 16 ஜிபி இரண்டு, டிடிஆர்5 6000. ஹீட்சிங்க் உயரம் குறைந்த ராமாகப் பாருங்கள். சின்ன போர்டில் ராமும் கூலரும் உரசிக்கொண்டு நிற்கும்.

கூலருக்கு முதலில் மனதில் இருந்தது ஹைப்பர் 212. ஊரில் எல்லோரும் மாட்டுவது, நம்பகமானது. உயரம் 158.8 மி.மீ. பெட்டி விடுவது 155. நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் தகடு மூடாது. டீப்கூல் ஏஜி400, 150 மி.மீ., இரண்டாயிரம் ரூபாய்க்குள். ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியோடு உட்கார்ந்தது. ப்ராசஸரோடு இலவசமாக வரும் குட்டிக் கூலரைத் தூக்கிப் போடவில்லை. ஏன் என்று சோதனையில் வரும்.

எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) சாதாரண அளவு இதற்குள் போகாது. எஸ்எஃப்எக்ஸ் என்கிற சின்ன ரகம்தான்: 125 மி.மீ. அகலம், 63.5 உயரம், 100 நீளம். 650 வாட், கோல்டு (கரண்டை அதிகம் வீணாக்காத தரம்), கேபிள் கழற்றி மாட்டும் வகை. மெஷின் இழுப்பது 250 வாட்டுக்குள்தானே, எதற்கு 650 என்று கேட்கலாம். பாதிச் சுமையில் ஓடும்போது எஸ்எம்பிஎஸ் குளிர்ச்சியாக, சத்தமில்லாமல் இருக்கும். நாளைக்கு 180 வாட் கார்டு போட்டாலும் மாற்ற வேண்டாம். கழற்றும் கேபிள் கட்டாயம். வேண்டாத கேபிளைச் சுருட்டி வைக்க இந்தப் பெட்டியில் மூலை கிடையாது.

பாகங்கள் வந்து சேருவதற்கு முன் வீட்டுக் கரண்டைப் பார்த்தோம். இதைத்தான் நம் பக்கத்தில் முதலில் செய்ய வேண்டும் என்பேன். அந்த அறை பிளக்கில் மல்டிமீட்டர் வைத்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 224 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அறுபதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே நிலையில்லாமல் ஆடியது. எர்த் வயர் சுவருக்குள்ளேயே எங்கோ நிற்கிறது என்று அர்த்தம். எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கேபினெட் தகட்டில் பாதி வோல்டேஜ் வந்து நிற்கும். கை வைத்தால் சுருக்கென்று இருக்கும். செருப்பில்லாமல் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து விளையாடும் வீட்டில் அதை அப்படியே விடக்கூடாது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் கொல்லைப்புறத்தில் குளியலறைத் தண்ணீர் விழும் இடத்தைக் காட்டினார். நம் களிமண்ணுக்கு எர்த் நன்றாகவே கிடைக்கும். ஆனால் ஜனவரி 28இல் மேட்டூர் அடைத்து, ஜூன் 12இல் திறக்கிற வரைக்கும் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிடும். எப்போதும் ஈரம் இருக்கும் இடமாகப் போட்டால்தான் மே மாதத்திலும் எர்த் எர்த்தாக இருக்கும் என்றார். எட்டடி ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே மூடி. பைப், வயர், கூலி எல்லாம் நாலாயிரத்துக்குள் முடிந்தது. அதன் பிறகு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 223, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றரை வோல்ட். இப்போது பிரிட்ஜைத் தொட்டாலும் யாருக்கும் சுருக்கென்பதில்லை.

அடுத்து இன்வர்ட்டர். மும்முனை கரண்ட் வரும் நேரத்தில் சுற்றிலும் பம்புசெட் ஓட ஆரம்பித்தால் எங்கள் சுவரில் 190க்குக் கீழே இறங்கும். எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வரை தாங்கும், அதற்கு இது பொருட்டில்லை. கரண்ட் போய் இன்வர்ட்டர் பிடிக்கிற அந்த இடைவெளிதான் சிக்கல். எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் பதினாறு, பதினேழு மில்லிசெகண்ட் வரை மூச்சுப் பிடிக்கும். வீட்டு இன்வர்ட்டரின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் நார்மல், இன்னொரு பக்கம் யூபிஎஸ். நார்மலில் மாறுவதற்கு அதைவிட நேரம் எடுக்கும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் பிடித்துக்கொள்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு: 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடும். குறுவை நேரத்தில் பேட்டரித் தண்ணீரை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. எங்களுடையது சைன் வேவ் இன்வர்ட்டர். பழைய ஸ்கொயர் வேவ் வைத்திருப்பவர்கள் இந்த மாதிரி எஸ்எம்பிஎஸ்ஸை அதில் ஓட்டிப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

மழைக்காலத்துக்கு இன்னொரு காப்பு. காற்றில் நியூட்ரல் வயர் அறுந்தால் வீட்டுக்குள் நானூறு வோல்ட் வரை ஏறலாம். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த பக்கம் இது, அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெயினில் ஒரு ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் போட்டோம்.

இனி பூட்டும் வேலை. காந்த முனை வைத்த நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்று, எஸ்எஸ்டியைப் பிடிக்கும் எம்.2 ஸ்க்ரூவுக்குச் சின்னது ஒன்று, ஒரு சாமணம், இரும்பு ஸ்கேல், இவை போதும். மேஜை மேல் போர்டு இருக்கும்போதே ப்ராசஸர், எஸ்எஸ்டி, ராம், கூலர் எல்லாவற்றையும் மாட்டிவிட வேண்டும். இந்த ப்ராசஸர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் ஊசிகள் போர்டில் இருக்கின்றன, ப்ராசஸரில் இல்லை. அதனால் மூடியைத் திறந்த நிலையில் மேலே கை போகவே கூடாது. ப்ராசஸர் மூலையில் உள்ள முக்கோணத்தைப் பார்த்து மெல்ல வைத்து, நெம்பியைக் கீழே அழுத்தினால் நன்றாகவே இறுக்கம் கொடுக்கும், லேசாக ஒரு கிறீச் சத்தமும் வரும். அந்த இறுக்கம் இயல்பு. கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் துள்ளி வெளியே வரும், அதைப் பத்திரமாக வையுங்கள். வாரண்டிக்குப் போர்டை அனுப்பினால் அது இல்லாமல் வாங்க மறுக்கலாம்.

பெட்டிக்குள் போர்டை இறக்கும் முன் ப்ராசஸருக்கான எட்டு முனை கேபிளை மேல் மூலையில் நுழைத்து வைத்துவிட வேண்டும். போர்டு இறங்கி, கூலர் நின்ற பிறகு அந்த மூலைக்கு விரல் போகாது. அதற்கப்புறம் எஸ்எம்பிஎஸ், கடைசியாக அடி ஃபேன்கள், அதன் மேல் கார்டு. இந்த வரிசை மாறினால் கழற்றித்தான் மாட்ட வேண்டும்.

முதல் தடவை பவர் கொடுத்தபோது ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை, போர்டில் ராம் விளக்கு மட்டும் எரிகிறது. பையன் முகம் வாடிவிட்டது. டிடிஆர்5 போர்டு முதல் முறை ராமைப் பழகிக்கொள்ள சில நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் பயந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. “கை வைக்காத, காபி குடிச்சிட்டு வரலாம்” என்று அழைத்துப் போனேன். வந்து பார்த்தால் பயாஸ் திரை நின்றுகொண்டிருந்தது. உடனே பயாஸை அப்டேட் செய்தோம், இன்வர்ட்டர் பேட்டரி நிறைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு. 2023இல் இந்த சாக்கெட்டில் சில ப்ராசஸர்கள் கருகிய பிறகு எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசஸருக்குள் ஒரு பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) 1.3 வோல்ட்டுக்கு மேல் விடாமல் ஏஎம்டி கட்டுப்படுத்தியது. கடையில் கிடந்த பழைய போர்டில் பழைய பயாஸே இருக்கலாம்.

சோதனையை வேண்டுமென்றே மே மாத மதியத்தில் வைத்தோம். அறை 36 டிகிரி, சீலிங் ஃபேன் மட்டும். முதலில் ப்ராசஸரோடு வந்த குட்டிக் கூலர். முழுச் சுமை கொடுத்ததும் இரண்டு மூன்று நிமிடத்தில் 95ஐத் தொட்டு அங்கேயே நின்றது, ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அது எமர்ஜென்சிக்கு மட்டும் என்று அலமாரிக்குப் போனது. ஏஜி400 மாட்டிய பிறகு அதே சுமையில் 86. பயாஸில் ஈகோ மோடு போட்டு 45 வாட் ரகமாக ஆக்கினால் 74. விளையாட்டில் வேகம் குறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. கோடையில் அப்படியே ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.

கார்டு, அடி ஃபேன் இல்லாமல் 79. இரண்டு ஃபேனும் காற்றை உள்ளே தள்ளும்போது 70. ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒன்பது டிகிரி. மேலே உள்ள ஃபேன்களை உள்ளே இழுக்கும்படி திருப்பிப் பார்த்தோம். ப்ராசஸர் இரண்டு டிகிரி இறங்கியது, கார்டு ஐந்து டிகிரி ஏறியது. கீழே உள்ளே, மேலே வெளியே என்பதே சரி. இன்னொரு எளிய சோதனை: விளையாடிக்கொண்டிருக்கும்போதே பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். சூடு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறங்கினால் பெட்டிக்குக் காற்று போதவில்லை. எங்களுக்கு இரண்டுதான் இறங்கியது. சுவரில் வாட் மீட்டர் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 50 வாட், விளையாடும்போது மானிட்டரோடு சேர்த்து 235.

தூசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குப் பின்னால் நேரடி நெல் கொள்முதல் நிலையம். தையிலும் மாசியிலும் தூற்றும் மெஷின் ஓடினால் நெல் சுணை வீடு முழுக்க மிதக்கும். அது சாதாரணத் தூசி மாதிரி பொடியாக உதிராது. முள்ளு முள்ளாக வலையில் குத்தி நின்று, அதன் மேல் மற்ற தூசி பிடித்து, மெல்லிய கம்பளி மாதிரி படர்ந்துவிடும். அடி வடிகட்டியில் அப்படிப் படர்ந்தபோது கார்டு ஆறு டிகிரி ஏறியிருந்தது. புளோயரால் ஊதினால் போகவில்லை. கழற்றி, சோப்புத் தண்ணீரில் பெயிண்ட் பிரஷால் வலையின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளினால்தான் சுணை கழன்றது. நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். பெட்டியின் கால்கள் குட்டை என்பதால் அடியில் அரை அங்குலப் பலகைத் துண்டு இரண்டு கொடுத்துத் தூக்கி வைத்திருக்கிறோம்.

ரயிலில் கொண்டு போகும்போது போர்டு தரைக்குக் கிடையாக இருக்கும்படி பெட்டியைச் சாய்த்து வைக்க வேண்டும். அப்போது கூலரும் கார்டும் நட்டுக்குத்தலாக நிற்கும், அவற்றின் எடை ஸ்லாட்டை இழுக்காது. டிராலியின் சக்கரம் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, சீட்டுக்கு அடியில் இப்படித்தான் வைக்கிறான். கார்டைக் கழற்றாமலே போய் வருகிறது.

செலவு: ப்ராசஸர் 18,500, போர்டு 20,000, ராம் 9,800, 1 டிபி எஸ்எஸ்டி 6,000, கார்டு 29,000, கேபினெட் 7,500, எஸ்எம்பிஎஸ் 9,900, கூலர் 1,900, ஃபேன் மூன்று 1,800. மொத்தம் 1,04,400. எர்த்தும் கட்-ஆஃபும் தனி. சிலவற்றைத் திருச்சியில் எடுத்தோம், போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சென்னை ரிச்சி தெருவில் அவனே அலைந்து வாங்கினான். 2025 கடைசியில் டிடிஆர்5 விலை தாறுமாறாக ஏறிவிட்டது, அதனால் ராம் கணக்கை இதிலிருந்து எடுக்க வேண்டாம்.

மறுபடி கட்டினால் போர்டை மாற்றுவேன். இதில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் போர்டின் முதுகில் இருக்கிறது. அங்கே காற்றே போகாது, எஸ்எஸ்டி மாட்ட வேண்டுமென்றால் போர்டையே கழற்ற வேண்டும். அதற்காகத்தான் ஆறாயிரம் கூடுதலாகக் கொடுத்தோம், இன்றுவரை அது காலியாகவே கிடக்கிறது. ஏ620 போர்டும், மிச்சப் பணத்தில் 2 டிபி எஸ்எஸ்டியும் என்று போயிருக்கலாம். கார்டு மாற்றும் நாள் வந்தால் 16 ஜிபி உள்ள 5060 டிஐ, 180 வாட். எஸ்எம்பிஎஸ் தாங்கும். அடி ஃபேன் இரண்டுக்கும் இடம் விடுகிற இரண்டு ஸ்லாட் மாதிரி அதில் கிடைக்கிறதா என்று பையன் இப்போதே தேட ஆரம்பித்திருக்கிறான். கிடைக்காவிட்டால் 15 மி.மீ. தடிமன் உள்ள மெல்லிய ஃபேன் போட வேண்டும். அதை அடுத்த மே மாத மதியத்தில் அளந்துவிட்டுத்தான் வாங்குவோம்.